காப்புறுதிப் பணமும் தவணைக் கணக்கும்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனது திருத்தூதர் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

கண்ணியமிக்க நேயர்களே! பெற்றோர்களே! அன்பின் இளைஞர்களே!

இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் விடயம் மிம்பர்களில் அதிகம் பேசப்படாத ஒன்று. வாகனக் காப்புறுதிப் பணத்தை ஆண்டுக்கு ஒரு தடவை முழுவதாகச் செலுத்துவதா, மாதாமாதம் பிரித்துச் செலுத்துவதா என்பதே அது. இதற்கும் மார்க்கத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் மாதம் பிறந்தவுடன் நமது பணப்பையிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு ரூபாவும், எந்த உடன்படிக்கையின் பேரில் வெளியேறுகின்றது என்று கேட்பது ஒரு முஸ்லிமின் கடமையாகும்.

2025ஆம் ஆண்டு ஜூலை மாதம். களனியில் ஒரு பள்ளிவாசலில் இஷாத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, ஹவுழுக்கு அருகில் ஒரு தந்தையும் மகனும் எனக்காகக் காத்து நின்றார்கள். மகனுக்கு இருபத்து மூன்று வயதிருக்கும். லீசிங்கில் ஒரு பழைய சிறிய கார் வாங்கி, கொழும்புக்குள் வாடகைக்கு ஓட்டுகின்றார். கையில் ஒரு தாள். காப்புறுதி முகவர் எழுதிக் கொடுத்தது.

"மௌலவி, ஒரே தடவையில் கட்டினால் 84,000. மாதாமாதம் கட்டினால் 7,700. மாதாமாதம் கட்டுவது வட்டியா?" என்று மகன் கேட்டார்.

அதற்கு நான் வாய் திறக்கும் முன்னரே தந்தை குறுக்கிட்டார்: "வட்டியோ என்னவோ ஹஸ்ரத், ஒரேயடியா அவ்வளவு சல்லிக்கு எங்க போறது?"

நேயர்களே, இவ்விரு கேள்விகளும் நியாயமானவை. மகன் ஹலால், ஹராம் பற்றிக் கேட்டார். தந்தை இயலுமை பற்றிக் கேட்டார். முதற் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போவது ஆலிமுக்கு இலகுவானது. தந்தையின் கேள்வியை வீட்டிலே விட்டுவிட்டு அந்த மகன் எப்படி என் பதிலைப் பின்பற்றுவார்?

முதலில் கணக்கைப் பார்ப்போம். 7,700 ரூபாவைப் பன்னிரண்டு தடவை செலுத்தினால் 92,400 ரூபா. முழுவதாகச் செலுத்துவதை விட 8,400 ரூபா அதிகம். "பத்து வீதந்தானே" என்று முகவர் கூறியிருந்தாராம். தாளிலே பார்த்தால் பத்து வீதம்தான். ஆனால் சற்று நிதானமாகப் பாருங்கள். முதல் நாளே 7,700 ரூபாவைச் செலுத்தியாயிற்று. மீதமாய் இருப்பது 76,300 ரூபா. அடுத்த மாதம் அது மேலும் குறைகின்றது. அதற்கடுத்த மாதம் இன்னும் குறைகின்றது. ஆண்டு முழுவதையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், அந்த இளைஞரின் தலையில் நின்ற கடன் 39,000 ரூபா சொச்சம் மாத்திரமே. அந்த 39,000 ரூபாவுக்காக 8,400 ரூபா மேலதிகமாகப் போகின்றது. அது ஆண்டுக்கு ஏறத்தாழ 21 வீதமாகும். பத்து என்று சொல்லப்பட்டது உண்மையில் இருபத்தொன்று. கணக்குப் பாடத்தைப் பரீட்சைக்காக மட்டும் படிக்கும் பிள்ளைகள், இந்த ஒரு கணக்கையாவது வீட்டில் வாப்பாவுடன் உட்கார்ந்து செய்து பார்க்கட்டும்.

ஆயினும், தொகை அதிகம் என்பதனால் மட்டும் ஒன்று வட்டியாகிவிடாது. இங்கேதான் நமது மக்களிடையே குழப்பம் இருக்கின்றது. சிலர் கூடுதல் எங்கே இருந்தாலும் வட்டி என்கின்றனர். வேறு சிலர், வட்டி என்ற சொல் தாளில் இல்லாவிட்டால் எல்லாமே ஹலால் என்கின்றனர். இரண்டுமே தவறு.

ஒரே விற்பனையில் இரண்டு விற்பனைகளை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்ற ஹதீஸை இமாம் திர்மிதி (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். அதற்கு அறிஞர்கள் சிலர் தந்த விளக்கத்தையும் அவ்விடத்திலேயே எடுத்துரைக்கின்றார்கள். ரொக்கத்துக்குப் பத்து, கடனுக்கு இருபது என்று ஒருவர் ஒரு துணிக்கு விலை சொல்கின்றார். இரண்டில் எது என்று முடிவு செய்யாமலேயே இருவரும் பிரிந்துவிட்டால் அதுவே தடுக்கப்பட்டது. இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்து, அந்த விலையிலே உடன்பட்டுப் பிரிந்தால் அதில் குற்றமில்லை என்பது அவ்விளக்கத்தின் கருத்தாகும். 1990ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியும் தவணை விற்பனை பற்றி இதே வழியில் தீர்மானித்தது. தவணை விலை ரொக்க விலையிலும் கூடுதலாக இருக்கலாம். ஆனால் உடன்படிக்கையின்போதே ஒரு விலை உறுதியாக வேண்டும். பின்னர் வாங்கியவர் தவணையில் தாமதித்தால், அந்தத் தாமதத்துக்காக ஒரு சதமும் கூட்டக்கூடாது.

காப்புறுதி ஒரு பொருள் அல்லவே, அதற்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்பீர்கள். கட்டணம் பெற்றுச் செய்யப்படும் ஏனைய சேவைகளுக்கும் இதே அளவுகோலையே நான் பிரயோகிக்கின்றேன். பிள்ளையின் பாடசாலைக் கட்டணத்தை ஆண்டுக்கு ஒரு தொகையாகவும், தவணைக்குத் தவணை வேறொரு தொகையாகவும் அறவிடுகின்றார்கள். அதை நாம் வட்டி என்று சொல்வதில்லை.

எனவே அந்த மகனிடம் நான் திருப்பிக் கேட்டேன்: "தம்பி, இந்த 7,700 ரூபாவை யாரிடம் கட்டுகின்றீர்?"

அவருக்குத் தெரியவில்லை. முகவருக்குத் தொலைபேசி எடுத்தார். காப்புறுதி நிறுவனத்துக்கு 84,000 ரூபாவும் முதல் நாளே போய்விடும். அதைச் செலுத்துவது கடனட்டை. அட்டைக்குத்தான் மாதாமாதம் என்பது பதிலாக வந்தது. விடயம் இப்போது தெளிவாகிவிட்டது. இங்கே தவணை விலை என்று ஒன்றில்லை. காப்புறுதியின் விலை 84,000 ரூபாதான். மூன்றாவது ஒருவர் 84,000 ரூபாவைக் கடனாகக் கொடுத்து, 92,400 ரூபாவாகத் திருப்பிப் பெறுகின்றார். கடனுக்கு மேல் நிபந்தனையாகப் பெறப்படும் கூடுதலுக்கு மார்க்கத்தில் ஒரு பெயர்தான் இருக்கின்றது.

லீசிங்கில் வாகனம் எடுத்தோரிடம் இதன் இன்னொரு வடிவத்தைக் காண்கின்றேன். காப்புறுதியை நிதி நிறுவனமே கட்டிவிட்டு, அத்தொகையை லீசிங் தவணையோடு சேர்த்து விடுகின்றது. அந்தத் தொகைக்கும் லீசிங் வீதமே ஏறுகின்றது. தவணைத் தாளில் அது தனியாகக் காட்டப்படாதபோது, பணம் செலுத்துபவர் அதை அறிவதே இல்லை. காப்புறுதியைத் தானாகவே எடுத்துப் பத்திரத்தைக் கொண்டு வந்து தரலாமா என்று லீசிங் கையெழுத்திடும் முன்னரே கேளுங்கள்.

காப்புறுதி நிறுவனமே நேரடியாகத் தவணைக்கு இசைந்து, மொத்த விலையை எழுத்தில் தந்து, தாமதக் கட்டணம் எதையும் சேர்க்காவிட்டால் நிலைமை வேறு. கூடுதலே இல்லாமல் இரண்டு, மூன்று தடவைகளில் பெற்றுக்கொள்வதும் உண்டு. அவ்வாறான வாய்ப்பைக் கேட்டுப் பெறுவதில் வெட்கப்பட ஏதுமில்லை.

காப்புறுதியே ஆகுமானதா என்ற மூலக் கேள்வியையும் நான் மறக்கவில்லை. 1985ஆம் ஆண்டு டிசம்பரில் அதே பிக்ஹ் அகடமி, நிலையான கட்டுப்பணத்துடன் கூடிய வர்த்தகக் காப்புறுதியை ஏற்கவில்லை. ஒருவருக்கொருவர் நன்கொடை வழங்கி இழப்பைப் பகிரும் கூட்டுறவு முறையையே மாற்றாகக் காட்டியது. தக்காபுல் என நாம் அழைப்பது அதனையே. 1979இல் சூடானில் அதற்கென ஒரு நிறுவனம் தோன்றியது. நமது நாட்டில் 1999இல் அமானா தக்காபுல் தொடங்கப்பட்டது. ஆகவே இலங்கை முஸ்லிமுக்குத் தெரிவு இல்லை என்று சொல்ல முடியாது. எனினும், பெயரிலே தக்காபுல் என்று இருப்பதால் மட்டும் தவணைப் பகுதியைக் கேள்வி கேட்காமல் விடக்கூடாது. பத்திரம் தக்காபுல், பணம் கட்டியது வட்டிக் கடனட்டை என்றால், பால் சுத்தம், பாத்திரம் அழுக்கு என்ற கதைதான்.

நேயர்களே, சட்டத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, மூன்றாந்தரப்புக் காப்புறுதி இல்லாமல் இந்நாட்டு வீதியில் வாகனம் ஓட்ட முடியாது. காப்புறுதிச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வாகன வருமான அனுமதிப்பத்திரத்தையும் பெற முடியாது. மூன்றாந்தரப்பு என்பவர் யார்? அவர் நாமுமல்லர், நிறுவனமுமல்லர். கண்டி வீதியில் கிரிபத்கொடைச் சந்தியைக் கடக்கும் ஒரு தாய். பேலியகொடையில் மீன் இறக்கிவிட்டு சைக்கிளில் வீடு திரும்பும் ஒரு தொழிலாளி. நமது உடன்படிக்கையில் கையெழுத்திடாத, நமது பெயரைக்கூட அறியாத ஒரு மனிதர். நமது கை தவறினால் அவருடைய குடும்பம் நடுத்தெருவுக்கு வரக்கூடாது என்பதற்காகவே சட்டம் இதனைக் கட்டாயமாக்கியுள்ளது.

இந்த எண்ணம் நமக்குப் புதியதன்று. அரபுக் கல்லூரியில் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' கிரந்தத்தை ஓதிய காலத்தில், 'ஆகிலா' என்ற பாடம் வந்தது. உண்மையைச் சொல்வதானால், அன்று அப்பாடத்தை நான் அரைத் தூக்கத்தில்தான் கேட்டேன். ஒட்டகைகளும் கோத்திரங்களும் நிறைந்த அந்தச் சட்டம் இக்காலத்துக்கு எதற்கு என்று எண்ணினேன். பல ஆண்டுகள் கழித்து, அந்தத் தந்தையும் மகனும் ஹவுழருகே நின்ற இரவில்தான் அதனை மீண்டும் எடுத்துப் படித்தேன்.

ஹுதைல் கோத்திரத்துப் பெண்கள் இருவர் சண்டையிட்டார்கள். ஒருத்தி எறிந்த கல்லினால் மற்றவள் வயிற்றிலிருந்த சிசுவோடு இறந்துபோனாள். இறந்த பெண்ணுக்கான இழப்பீட்டை, எறிந்தவளின் தந்தைவழி உறவினர்கள் செலுத்த வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்சம்பவம் பதிவாகியுள்ளது. கொல்லும் நோக்கமின்றி நேர்ந்த மரணத்தின் சுமையை ஒருவர் தலையில் மட்டும் ஏற்றாமல், உறவினர் கூட்டமே பகிர்ந்து சுமப்பதுதான் ஆகிலா. ஓர் உயிருக்கான முழு இழப்பீடு நூறு ஒட்டகைகள். ஒரு மனிதரால் அதைச் சுமக்க இயலுமா?

இப்போது நமது விடயத்துக்கு வருவோம். அந்த இழப்பீட்டை அவ்வுறவினர்கள் எப்படிச் செலுத்தினார்கள்? ஒரே நாளிலன்று. மூன்று ஆண்டுகளில், ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் மூன்றிலொரு பகுதியாக. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் ஆளுக்கு எவ்வளவு என்பதும் வரையறுக்கப்பட்டுள்ளது. வசதியுள்ளவர் ஆண்டுக்கு அரைத் தீனார், நடுத்தரமானவர் கால் தீனார், ஏழைக்கு ஒன்றுமில்லை. தவணை கொடுத்தார்கள், தவணைக்கு விலை வைக்கவில்லை. மூன்றாம் ஆண்டில் கட்டுபவர் முதலாம் ஆண்டில் கட்டுபவரை விடக் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று எந்த கிரந்தத்திலும் நான் காணவில்லை. எனவே மாதாமாதம் கட்டுவது என்பது தன்னளவில் குற்றமன்று. இயலாதவரின் தோளுக்கு ஏற்றவாறு சுமையைப் பிரிப்பது நமது மார்க்கம் அறிந்த ஒன்றுதான். அந்தக் காலத்தைப் பணமாக்கி விற்பதே பிரச்சினை.

தவணையில் இன்னுமோர் ஆபத்து உண்டு. அது பத்திரம் இடையிலே அறுந்துபோவதாகும். பல காப்புறுதிப் பத்திரங்களில், முழுக் கட்டுப்பணமும் 60 நாட்களுக்குள் செலுத்தப்பட வேண்டும், தவறினால் பத்திரம் இரத்தாகும் என்ற நிபந்தனை இருக்கின்றது. அது சிறிய எழுத்தில் இருக்கும். முதற் பணத்தைக் கட்டியதும் சான்றிதழ் கைக்கு வந்துவிடுவதால், கண்ணாடியில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்து நாம் நிம்மதியாக இருந்துவிடுகின்றோம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இந்நாட்டைத் தாக்கியபோது களனி கங்கை பெருக்கெடுத்தது. 2016 மே மாத வெள்ளத்தை மறக்காதவர்கள் கூட இரவோடிரவாக வாகனங்களை மேட்டுக்கு நகர்த்த முடியாமல் தவித்தார்கள். வெள்ளம் வடிந்த பின்னர் நிவாரணப் பொதிகளுடன் வீடு வீடாகச் சென்றபோது ஓர் இளைஞரைச் சந்தித்தேன். சேறு படிந்த ஆசனங்களை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தவணை முறையில் முழுமையான காப்புறுதி எடுத்திருந்தார். அக்டோபரிலும் நவம்பரிலும் ஓட்டம் குறைவு. இரண்டு தவணைகள் தவறிவிட்டன. கைத்தொலைபேசிக்கு வந்த குறுஞ்செய்திகளை, விளம்பரம் என்று எண்ணித் திறந்தே பார்க்கவில்லை. பத்திரம் இரத்தாகியிருந்தது. பத்து மாதங்கள் கட்டிய பணம் அந்தச் சேற்றுக்கு ஒரு வாளித் தண்ணீராகக் கூட உதவவில்லை. அதிலும் அவர் சொன்ன ஒரு வார்த்தை என்னை நடுங்க வைத்தது. "மௌலவி, கார் போனது பரவாயில்லை. அந்த ரெண்டு மாசமும் நான் றோட்டில ஓடியிருக்கேனே. ஆரையாவது அடிச்சிருந்தா?"

மழைக்காலம் நெருங்குவதற்கு முன், உங்கள் பத்திரத்தில் வெள்ளம் உள்ளடக்கப்பட்டுள்ளதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாந்தரப்புக் காப்புறுதி நமது சொந்த வாகனத்தின் சேதத்துக்குப் பொறுப்பேற்காது. தனிப்பட்ட பாவனைக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாடகைக்கு ஓட்டுவோரும் இருக்கின்றார்கள். கட்டுப்பணம் குறையும் என்பதற்காகச் சொல்லப்படும் அந்தச் சிறு பொய், விபத்து நடந்த அன்று இழப்பீட்டையே இல்லாமல் செய்துவிடலாம். பொய் பொய்தான், படிவத்தில் எழுதினாலும்.

இனி தந்தையின் கேள்விக்கு வருவோம். ஒரேயடியாக அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது?

84,000 ரூபாவைப் பன்னிரண்டால் வகுத்தால் 7,000 ரூபா. மாதம் 7,700 ரூபா கட்ட முடியும் என்று துணிந்த கை, 7,000 ரூபாவைச் சேர்க்கவும் முடியும். பின்னால் கட்டுவதை முன்னால் கட்ட வேண்டும், அவ்வளவுதான். நமது தாய்மார்களுக்கு இதை நான் கற்பிக்கத் தேவையில்லை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் களனியிலும் அவர்கள் சீட்டுப் பிடித்து மகளின் திருமணத்துக்கே பணம் சேர்த்தவர்கள். ஏலம் கூறிக் கழிவு வைக்காத, எல்லோரும் சமமாகப் போட்டு முறைவைத்து எடுக்கும் சீட்டையே சொல்கின்றேன். காப்புறுதி புதுப்பிக்கும் மாதத்தில் தமது முறை வருமாறு கேட்டு வைத்தால் காரியம் முடிந்தது.

ஆனால் முதலாவது ஆண்டு கடினமானது. சேர்ப்பதற்குக் காலம் இல்லை. வாகனத்தை இன்றே வீதியில் இறக்க வேண்டும். அங்கேதான் குடும்பம் தேவைப்படுகின்றது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வாகனங்களின் விலை எங்கேயோ போய்விட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதும் விலை பழைய நிலைக்கு இறங்கவில்லை. வாகனத்தின் பெறுமதி ஏறும்போது கட்டுப்பணமும் ஏறுகின்றது. இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர் இதைத் தனியே சுமக்க முடியாது என்பதை வாப்பாமார் உணர வேண்டும். திருமண மண்டபத்துக்கு இலட்சங்களை அள்ளிக் கொடுக்கும் மாமாவும் சாச்சாவும், தொழில் தொடங்கும் பிள்ளைக்கு ஓராண்டுக்கு 84,000 ரூபா அழகிய கடன் கொடுக்கத் தயங்குவது ஏன் என்று எனக்குப் புரிவதில்லை. பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஸகாத் வேலைக்கு அப்பால், இத்தகைய வட்டியில்லாக் கடனுக்கு ஒரு சிறு நிதியை ஒதுக்கலாம்.

கொடுப்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அல்குர்ஆனின் மிக நீளமான வசனமாகிய அல்பகராவின் 282ஆவது வசனம், தவணைக் கடனை எழுதி வைப்பது பற்றியே பேசுகின்றது. தந்தை மகனுக்குக் கொடுத்தாலும் அது கடன் என்றால் எழுதப்படட்டும். எழுதினால் பாசம் குறைந்துவிடும் என்பது நமது ஊர்களில் உள்ள ஒரு தவறான எண்ணம். பெற்றவர் மௌத்தான பின்னர் சகோதரர்களுக்கிடையில் வரும் சண்டைகளைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். வாங்கியவரும், வசதி வந்த பின்னர் இழுத்தடிப்பது அநியாயம் என்ற நபிமொழியை மனதில் இருத்த வேண்டும். உண்மையிலேயே சிரமப்பட்டால், அதே அத்தியாயத்தின் 280ஆவது வசனம் அவருக்கு அவகாசம் வழங்கச் சொல்கின்றது.

அன்றிரவு இவ்வளவையும் நான் கோர்வையாகச் சொல்லவில்லை. ஹவுழருகே நின்றபடி பாதியைத்தான் சொன்னேன். தந்தை சற்று நேரம் பேசாமலிருந்தார். பின்னர், "வூட்டுக் கூரைக்கு வெச்ச சல்லி கொஞ்சம் இரிக்கி ஹஸ்ரத். மழைக்கு முந்தி மாத்தணும் எண்டு நெனச்சன்" என்றார்.

"நானா, அது உங்கள் முடிவு. மகனுக்குக் கட்டாயமாகக் கொடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்" என்றேன்.

கொடுத்தார். ஒரு சீ.ஆர். கொப்பியின் முதற் பக்கத்தில் தொகையையும் திகதிகளையும் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, மூத்த மருமகனைச் சாட்சியாக வைத்தார்கள். மகன் தக்காபுல் பத்திரம் ஒன்றை முழுத்தொகை கட்டி எடுத்தார். மாதம் 7,000 ரூபாவாக வாப்பாவுக்குத் திருப்பிக் கொடுத்தார். டிசம்பர் மாதத் தவணை மட்டும் வரவில்லை. வெள்ளத்துக்குப் பின் மூன்று வாரங்கள் ஓட்டமே இல்லை. அந்தத் திகதிக்கு நேரே தந்தை ஒரு கோடு கீறி, பக்கத்தில் புதிய திகதியை எழுதியிருந்தார். தொகை அதே 7,000 ரூபாதான். கூரை ஓரிடத்தில் ஒழுகியது. அதற்குக் கீழே ஒரு வாளி வைத்திருந்தார்கள். அந்தக் கொப்பியை எனக்குக் காட்டியபோது மகன் ஒன்று சொன்னார்: அடுத்த புதுப்பித்தலுக்காக உம்மா ஏற்கனவே ஒரு சீட்டில் சேர்ந்துவிட்டாராம், ஜூன் மாத முறையைக் கேட்டு.